தள்ளிப்போன தேதியும் கடைச் சரக்கும்

வணிகப் பாடம்



கொள்முதல் விலையை நாம் பைசா சுத்தமாக எழுதி வைக்கிறோம். யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பேரேட்டில் எழுதுகிறோம். லாரி வாடகை, இறக்குக் கூலி, தராசு முத்திரைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால் ஆலைக்காரர், "இன்ன தேதிக்குச் சரக்கு தருகிறேன்" என்று சொன்னாரே, அந்தத் தேதியை எழுதி வைக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தத் தேதி மாறிய பிறகு, மாறிய தேதியையும் எழுதி வைப்பவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

ஆலையில் ஒரு வேலை நான்கு நாள் தள்ளிப்போனால் அது ஆலைக்காரரின் தொல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த நான்கு நாள் நம் கடை அலமாரியில்தான் வந்து உட்காருகிறது. சில நாள் காலி அலமாரியாக வருகிறது. சில நாள் தேங்கிப்போன மூட்டையாக வருகிறது. இரண்டிலும் முடங்குவது நம் பணம். ஆகவே தேதி மாற்றத்தைக் கவனித்து எழுதுவது எப்படி, எழுதியதைக் கொண்டு இருப்பைச் சரிசெய்வது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அமாவாசைக்கு வராத வெல்லம்

முதலில் என் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கடை திருப்பாச்சூரில், திருவள்ளூர் - திருத்தணி சாலையில் இருக்கிறது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் சேரும் என்பது நம் பக்கத்து வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். வருகிறவர்கள் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அந்த ஒரு நாளில் ஓடும் வெல்லம் மற்ற நாட்களில் இரண்டு மாதத்துக்கு ஓடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை அமாவாசைக்காக 30 கிலோ சிப்பமாக 40 சிப்பம் வெல்லத்துக்கு மேற்கு மாவட்டத்து ஆலைக்காரர் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தேன். கோயிலைச் சுற்றியுள்ள சிறு கடைக்காரர்களுக்கு நான்தான் பிரித்துக் கொடுப்பேன். அமாவாசைக்கு 8 நாள் முன்னதாகச் சரக்கு வரும் என்று பேச்சு. அதை நம்பி, அமாவாசைக்கு மறுநாள் தேதியிட்ட காசோலையையும் கொடுத்துவிட்டேன்.

சொன்ன நாளில் சரக்கு வரவில்லை. போன் செய்தேன். "பொங்கல் ஆர்டரே இன்னும் முடியவில்லை அண்ணாச்சி, நாலு நாள் பொறுங்கள்" என்றார்கள். நாலு நாள் கழித்து, "இங்கே மழை, கரும்புச் சக்கை காயவில்லை, அடுப்பு எரியவில்லை, இன்னும் மூன்று நாள்" என்றார்கள். வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்குக் காய்ந்த சக்கைதான் விறகு. மழை வந்தால் கொப்பரை ஏறாது. அதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை லாரி கிடைக்காமல் ஒரு நாள் போயிற்று. நாலும் மூன்றும் ஒன்றும் எட்டு. அமாவாசை அன்று சாயங்காலம், கூட்டமெல்லாம் ரயிலேறிய பிறகு, 40 சிப்பம் வந்து இறங்கியது.

அமாவாசையில் 30 சிப்பம் போயிருக்க வேண்டும். சாதாரண நாளில் என் கடையில் இரண்டு நாளைக்கு ஒரு சிப்பம்தான் ஓடும். ஆக 40 சிப்பமும் தீர 80 நாள். அதற்குள் வெல்லம் நீர் விட்டுக் கறுக்கத் தொடங்கியது. மறுநாள் காசோலை வங்கிக்கு வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற வீட்டில் இருந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

பண நஷ்டத்தைக்கூட மறந்துவிட்டேன். குளக்கரையில் தட்டுக்கடை வைத்திருக்கும் பாட்டி ஒருவர் கேட்டதைத்தான் மறக்க முடியவில்லை. "வராதுன்னு ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா வேற எங்கேயாவது வாங்கியிருப்பேனே அண்ணாச்சி. உன்னை நம்பித்தானே உக்காந்திருந்தேன்?" என்றார். அவருக்கு அந்த ஒரு நாள் வியாபாரம்தான் அந்த மாதத்து அரிசி. மூன்று முறை தேதி மாறியது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் புதுத் தேதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பழைய தேதியை மறந்தேன். அதுதான் என் தவறு.

ஆலையில் தேதி ஏன் மாறுகிறது?

தேதி மாறினால் ஆலைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே எண்ணக் கூடாது. காரணம் தெரிந்தால்தான் இன்னும் எத்தனை நாள் தள்ளும் என்று கணிக்க முடியும். பொதுவாகக் காரணங்கள் இவை:

1. மூலப்பொருள் வரவில்லை. நெல், கரும்பு, மிளகாய் வரத்துக் குறைந்தால் ஆலை நிற்கும்.

2. மழை. உலர்களத்தில் நெல் காயவைக்கும் ஆலைக்கும், வெல்லக் கொட்டகைக்கும், அப்பளம், வடகம் போடுகிறவர்களுக்கும் வெயில்தான் மூலதனம்.

3. மின்சாரம், இயந்திரப் பழுது, ஆள் பற்றாக்குறை.

4. சரக்கு மாற்றம. மசாலா ஆலையில் மிளகாய் அரைத்த இயந்திரத்தைக் கழுவித் துடைத்துத்தான் மஞ்சள் அரைக்க முடியும். அதனால் மிளகாய் ஆர்டர்களை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அரைப்பார்கள். நம் மஞ்சள் ஆர்டர் சிறியதாக இருந்தால் காத்திருக்கும்.

5. பெரிய ஆர்டர் குறுக்கே வருவது. நமக்கு 20 மூட்டை; இன்னொருவருக்கு ஒரு லாரி. எது முதலில் போகும் என்று சொல்ல வேண்டுமா?

6. சட்ட, வரி மாற்றம். பையின் அச்சு, விலை, எடை மாறினால் பழைய பை கிடக்கும். புதுப் பை வரும் வரை சரக்கு கட்டப்படாது.

இவற்றில் மழையும் பழுதும் சில நாளில் தீரும். மூலப்பொருள் தட்டுப்பாடு வாரக்கணக்கில் போகலாம். பெரிய ஆர்டர் குறுக்கே வந்தால் அடுத்த முறையும் வரும். எனவே "எப்போது வரும்?" என்று மட்டும் கேட்காமல், "எதனால் தள்ளியது?" என்றும் கேளுங்கள்.

நம் கண்முன் நடந்தவை

2008 இறுதியில் தொடங்கி 2015 வரை தமிழ்நாட்டு ஆலைகள் பலவகை மின் கட்டுப்பாடுகளைத் தாண்டி வந்தன. 2012இல் வாரத்தில் ஒரு நாள் மின் விடுமுறையும் இருந்தது. எந்த ஆலைக்கு எந்தக் கிழமை மின்சாரம் இல்லை என்று தெரிந்துவைத்திருந்த வணிகர் அதற்கேற்ப ஆர்டர் கொடுத்தார். தெரியாதவர் போன் செய்துகொண்டே இருந்தார்.

2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. நம் நாட்டுக்குப் பாமாயில் பெருமளவில் வருவது அங்கிருந்துதான். கடல் கடந்து நடந்த ஒரு முடிவு நம் கடையில் எண்ணெய் பாக்கெட் விலையாக வந்து நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

அதே 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே பல ஆலைகள் 26 கிலோ பைக்கு மாறின. புதுப் பை அச்சாகி வர வேண்டும். தராசு மாற்ற வேண்டும். சில நாள் இழுபறி தவிர்க்க முடியாததாயிற்று.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. ஓர் இயந்திரம் நனைந்தால் அதைக் காயவைத்து ஓட்டும் வரை அதன் வேலையெல்லாம் வரிசையாகத் தள்ளும்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி, சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறையும் என்று அறிவிப்பு வந்தது. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22இல். இடையில் 19 நாள். அந்த 19 நாளும் வாங்குகிறவர் காத்திருந்தார். கடைக்காரர் கொள்முதலைச் சுருக்கினார். ஏஜென்சியில் பழைய விலைச் சரக்கு தேங்கியது. இருப்பு நாளைக் கணக்கிட்டு வைத்திருந்தவர்கள் எந்தச் சரக்கு 22ஆம் தேதிக்குள் தீரும், எது தீராது என்று அன்றே சொல்ல முடிந்தது.

தேதிச் சிட்டை

இனி பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு பேனாவும் ஒரு நீள நோட்டும் போதும். கம்ப்யூட்டரில் பில் போடுகிறவர்கள் அதிலேயே செய்யலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி. அதில் எழுத வேண்டியவை:

ஆர்டர் கொடுத்த நாள், சரக்கு, அளவு, நமக்குத் தேவைப்படும் கடைசி நாள், ஆலைக்காரர் சொன்ன முதல் தேதி, இரண்டாம் தேதி, மூன்றாம் தேதி, ஒவ்வொரு மாற்றத்தின் காரணம், சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார், உண்மையில் வந்த நாள், வந்த அளவு.

இங்கே இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி: பழைய தேதியை அழிக்காதீர்கள். ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். முதல் தேதி அழிந்தால் மொத்தம் எத்தனை நாள் தள்ளியது என்பது தெரியாமல் போகும். இரண்டாம் விதி: தேவைப்படும் கடைசி நாளை ஆர்டர் கொடுக்கும்போதே எழுதுங்கள். சரக்கு தாமதமான பிறகு எழுதினால் நாமே நம்மை ஏமாற்றிக்கொண்டு நாளைத் தள்ளிப் போடுவோம்.

தேவை நாளுக்கும் சொன்ன தேதிக்கும் உள்ள இடைவெளியை 'மிச்ச நாள்' என்று சொல்வோம். என் வெல்ல ஆர்டரை இந்தச் சிட்டையில் எழுதிப் பார்க்கிறேன். சிறு கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்க அமாவாசைக்கு 3 நாள் முன்பு சரக்கு என் கையில் இருக்க வேண்டும்.

முதல் தேதி: அமாவாசைக்கு 8 நாள் முன். மிச்ச நாள் 5.
இரண்டாம் தேதி: 4 நாள் முன். மிச்ச நாள் 1.
மூன்றாம் தேதி: 1 நாள் முன். மிச்சம் இல்லை, 2 நாள் குறைவு.
வந்த நாள்: அமாவாசை மாலை. 3 நாள் குறைவு.

பாருங்கள், முதல் மாற்றத்திலேயே ஐந்து நாள் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. அப்போதே பாதிச் சரக்குக்கு வேறு இடம் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது மாற்றத்தில், இன்னும் 4 நாள் கையில் இருக்கும்போதே, "இது அமாவாசைக்கு உதவாது" என்று சிட்டை தெளிவாகச் சொல்லியிருக்கும். சென்னை மொத்தக் கடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடக் கொடுத்தாவது வாங்கியிருக்கலாம். அதுவும் முடியாவிட்டால் பாட்டிக்குச் சொல்லியாவது இருக்கலாம். ஆர்டரையும் 40இலிருந்து 10 ஆகக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். இத்தனை வழி இருந்தது. எழுதி வைக்காததால் ஒன்றும் கண்ணில் படவில்லை.

பண்டிகைச் சரக்குக்கு மிச்ச நாள் 2க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது என்பது இப்போது என் கடையில் சட்டம்.

இருப்பு நாள் கணக்கு

தினமும் ஓடும் சரக்குக்குக் கணக்கு வேறு. அதற்கு 'இருப்பு நாள்' தெரிய வேண்டும். கையிருப்பை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் கிடைப்பது இருப்பு நாள்.

செங்குன்றம் ஆலை ஒன்றிலிருந்து புழுங்கலரிசி வாங்குகிற கடை என்று வைத்துக்கொள்வோம். 26 கிலோ சிப்பம். விலை கிலோ 50 ரூபாய் வீதம் சிப்பம் 1,300 ரூபாய். நாளொன்றுக்கு 6 சிப்பம் விற்பனை. இன்று காலை கையிருப்பு 60 சிப்பம். அதாவது 10 நாள் இருப்பு. 150 சிப்பத்துக்கு ஆர்டர். 7ஆம் நாள் மாலை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று விற்பனை முடிய 42 போக 18 சிப்பம் கையில் இருக்கும். கவலை இல்லை.

இப்போது ஆலையிலிருந்து செய்தி: "12ஆம் நாள் மாலைதான் வரும்." கையிருப்பு 10ஆம் நாளோடு தீர்ந்துவிடும். 11, 12 ஆகிய இரண்டு நாளைக்குச் சரக்கு இல்லை. குறைவு 12 சிப்பம். இந்த ஆலை மாற்றிச் சொன்ன தேதியிலும் ஒரு நாள் தவறுவது வழக்கம் என்று பழைய சிட்டை சொல்கிறது. அதற்கு 6 சேர்த்தால் 18. ஆகவே 20 சிப்பம் வெளியில் வாங்கினால் போதும். 13ஆம் நாள் மாலை வந்தாலும் 78 போக 2 சிப்பம் மிச்சம் இருக்கும்.

கணக்குப் போடாதவர் என்ன செய்வார்? பயந்துபோய் இன்னொரு ஆலையிலும் 150 சிப்பம் ஆர்டர் கொடுப்பார். 12ஆம் நாள் மாலை, விற்ற 72 போக, 138 சிப்பம் கையில் இருக்கும்போது முதல் ஆலையின் 150 வந்து இறங்கும். மொத்தம் 288 சிப்பம். 48 நாள் இருப்பு. பண அளவில் 3,74,400 ரூபாய். 20 சிப்பம் மட்டும் வாங்கியவரிடம் அதே நாள் 158 சிப்பம், 2,05,400 ரூபாய். வித்தியாசம் 1,69,000 ரூபாய். ஒன்றரை வட்டிக்கு மாதம் 2,535 ரூபாய். எலிக்கும் பூச்சிக்கும் போவது தனி. அரிசி வியாபாரத்தில் சிப்பத்துக்கு என்ன நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். எத்தனை சிப்பம் விற்றால் அந்த வட்டி கட்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரட்டை ஆர்டரும் சாட்டையும்

ஒரு சரக்கு தாமதம் என்றால் மூன்று ஏஜென்சியிடம் சொல்லி வைப்பது நம்மிடம் உள்ள பழக்கம். "எது முதலில் வருகிறதோ வரட்டும்" என்கிறோம். ஏஜென்சிக்காரர் அதை உண்மையான தேவை என்று நினைத்து ஆலைக்குச் சொல்கிறார். ஆலை மூன்று மடங்கு தேவை வந்துவிட்டதாக எண்ணி ஓவர்டைம் போட்டு ஓட்டுகிறது. அதனால் இன்னும் பல வேலைகள் தள்ளிப்போகின்றன. கடைசியில் எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து விழுகிறது. பிறகு இரண்டு மாதம் ஒருவரும் ஆர்டர் கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் 1961இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கோடு காட்டினார். கடையில் ஏற்படும் சிறு மாறுதல், மொத்த வியாபாரியைத் தாண்டி ஆலைக்குப் போகும்போது பெரிய அலையாகிவிடுகிறது. இதைப் பின்னால் வந்தவர்கள் சாட்டை விளைவு என்று அழைத்தார்கள். வண்டிக்காரர் கைப்பிடியைச் சற்று அசைத்தால் சாட்டையின் நுனி எவ்வளவு தூரம் வீசுகிறது! கைப்பிடி நம் கையில்தான் இருக்கிறது. ஆகவே வெளியில் ஆர்டர் கொடுத்தால், பழைய ஆர்டரில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டி வந்தாலும் தொல்லை

தேதி தள்ளிப்போவது மட்டும் மாற்றம் அல்ல. "இயந்திரம் சும்மா இருந்தது, உங்கள் ஆர்டரை முதலில் போட்டுவிட்டோம்" என்று முன்கூட்டியும் வரும். மேலே சொன்ன 150 சிப்பம் 7ஆம் நாளுக்குப் பதிலாக 3ஆம் நாள் வந்தால், கையில் 42ம் 150ம் சேர்ந்து 192 சிப்பம். 32 நாள் இருப்பு. குடோனில் இடம் வேண்டும். 1,95,000 ரூபாய்க்கான தவணை நான்கு நாள் முன்னதாக ஓடத் தொடங்கும். முன்கூட்டி அனுப்ப விரும்பினால், பில் தேதியைப் பேசிய தேதிக்கே போடச் சொல்லுங்கள். பல ஆலைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

காசோலை விஷயத்திலும் இதே விழிப்பு வேண்டும். ஆலை சொன்ன தேதியை வைத்துக் காசோலைக்குத் தேதியிடாதீர்கள். சரக்கு இறங்கிய நாளிலிருந்து எண்ணித் தேதி போடுங்கள். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்குப் பணம் தர 2006ஆம் ஆண்டுச் சட்டம் வைத்துள்ள 45 நாள் உச்சவரம்பும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது. சிறு ஆலைக்காரரை இழுத்தடிப்பதும் தவறு. சரக்கு வருமுன் பணம் இழப்பதும் தவறு.

ஷிப்டு மாறினால் விற்பனையும் மாறும்

இதுவரை நமக்கு வரும் சரக்கைப் பார்த்தோம். கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை ஆகியவற்றைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே ஓர் ஆலை தன் வேலையைத் தள்ளிப்போட்டால் ஷிப்டு குறையும். ஷிப்டு குறைந்தால் மெஸ்ஸில் இலை குறையும். இலை குறைந்தால் நம் கடையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் நிற்கும்.

2019இல் வாகன விற்பனை நாடெங்கும் சரிந்தபோது இதை நேரில் கண்டோம். அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. பெரிய ஆலை நின்றால் அதற்கு உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகளின் வேலையும் தள்ளும்.

ஒரு மெஸ்ஸில் 40 தொழிலாளர்கள் சாப்பிடுகிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று வைத்தால், தினம் 16 கிலோ. 16 நாள் வேலை இல்லாமல் அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் 256 கிலோ; ஏறக்குறைய 10 சிப்பம். இப்படி மூன்று மெஸ் நம் வாடிக்கையாக இருந்தால் 30 சிப்பம் விற்பனை நின்றது என்று பொருள். மெஸ் நடத்தும் அக்கா அந்த மாதம் பாக்கியும் சரியாகத் தர மாட்டார். அவரைக் கோபித்துப் பயனில்லை.

ஆகவே வாடிக்கை மெஸ்காரரிடம் வாரம் ஒரு முறை, "அடுத்த வாரம் எத்தனை இலை?" என்று கேட்டு அதையும் சிட்டையில் எழுதுங்கள். ஷிப்டு மாற்றம் நோட்டீஸ் பலகையில் வந்த அன்றே தொழிலாளிக்குத் தெரியும். அவர் நம் கடையில்தான் சோப்பு வாங்குகிறார். கேட்டால் சொல்வார்.

பாக்கெட்டே சொல்லும்

ஏஜென்சிக்காரர் சொல்லாததை பாக்கெட் சொல்லும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் இருக்கின்றன. சென்ற மாதம் வந்த பெட்டியிலும் இந்த மாதம் வந்த பெட்டியிலும் தயாரித்த தேதி ஒன்றாகவே இருந்தால், நமக்கு வந்திருப்பது பழைய இருப்பு என்று அறியலாம். ஒன்று சரக்கு ஏஜென்சியில் தேங்கிக் கிடக்கிறது, அல்லது ஆலையில் புது ஓட்டம் போடவில்லை. ஏஜென்சியில் நிறைய இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கும் குறைவு என்றால் விரைவில் தட்டுப்பாடு வரலாம். நிறைய இருந்தால் நாம் அவசரப்பட வேண்டாம். காலாவதி தேதியைப் பார்த்து வாங்கினால் போதும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஜப்பானின் டொயோட்டா ஆலையில் இருப்பைக் குறைத்து ஓட்டும் முறையை வகுத்தவர் டாய்ச்சி ஓனோ. அமெரிக்கப் பலசரக்கு அங்காடிகளில், அலமாரியில் எடுத்த அளவுக்கு மட்டும் மறுபடி அடுக்கும் வழக்கம்தான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது. ஆக, மோட்டார் ஆலைக்கே பாடம் சொல்லித் தந்தது ஒரு மளிகைக் கடை அலமாரி. ஆனால் 1997 பிப்ரவரி 1ஆம் தேதி, டொயோட்டாவுக்குப் பிரேக் வால்வு செய்து கொடுத்த ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. கையில் குறைந்த அளவு வால்வுகளே இருந்ததால் டொயோட்டாவின் ஆலைகள் சில நாள் நின்றன. மற்ற பட்டறைக்காரர்கள் கைகொடுத்ததால்தான் விரைவில் மீண்டன. இருப்பைக் குறைக்கலாம். ஆனால் செய்தி விரைவாக வர வேண்டும். உதவிக்கு இன்னோர் இடமும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் இருப்பைக் குறைக்கக் கூடாது.

பாடச் சுருக்கம்

ஒவ்வொரு ஆர்டருக்கும் தேவை நாளை முதலிலேயே எழுதுங்கள். தேதி மாறும்போதெல்லாம் காரணத்தோடு எழுதுங்கள், பழையதை அழிக்காதீர்கள். மாற்றம் வந்த அன்றே மிச்ச நாளையும் இருப்பு நாளையும் மறுபடி கணக்கிடுங்கள். குறைவு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வெளியில் வாங்குங்கள். நம்மை நம்பியிருக்கும் சிறு கடைக்காரருக்கு அன்றே சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிட்டையைப் புரட்டி, எந்த ஆலை சொன்ன சொல் தவறாதது, எது எத்தனை நாள் தவறும் என்று பாருங்கள். விலை பேசும்போது அந்தக் கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். கிலோவுக்கு ஐம்பது காசு குறைவாகக் கொடுத்து ஒரு வாரம் தவறும் ஆலையைவிட, சொன்ன நாளில் தரும் ஆலை மலிவாகவே முடியும்.

பயிற்சி

ஒரு கடையில் உளுத்தம்பருப்பு நாளொன்றுக்கு 20 கிலோ விற்கிறது. இன்று காலை கையிருப்பு 160 கிலோ. 500 கிலோ ஆர்டர் 6ஆம் நாள் மாலை வர வேண்டியது. இப்போது 11ஆம் நாள் மாலை என்று மாற்றிவிட்டார்கள். மாற்றிச் சொன்ன தேதியிலும் இரண்டு நாள் தவறுவது அந்த ஆலையின் வழக்கம். 50 கிலோ மூட்டையாக எத்தனை மூட்டை வெளியில் வாங்க வேண்டும்?

விடை: இருப்பு 8 நாள். 9, 10, 11 ஆகிய மூன்று நாளைக்கு 60 கிலோ குறைவு. வழக்கமாகத் தவறும் இரண்டு நாளைக்கு 40 கிலோ. மொத்தம் 100 கிலோ. அதாவது இரண்டு மூட்டை. மூன்றாவது மூட்டை வாங்கினால் அது பயத்துக்கு வாங்கியது, தேவைக்கு அல்ல.

அந்தப் பாட்டி இப்போதும் குளக்கரையில் கடை வைத்திருக்கிறார். ஒவ்வோர் அமாவாசைக்கும் நான்கு நாள் முன்பு என் கடைப் பையன் அவரிடம் போய்ச் சரக்கு வருமா வராதா என்று சொல்லிவிட்டு வருகிறான். சென்ற தை அமாவாசைக்கு முன் ஒரு முறை, "வராது பாட்டி" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வேறு கடையில் வாங்கிக்கொண்டார். அடுத்த அமாவாசைக்கு மறுபடி என்னிடமே வந்தார்.